யாரோடு யாரை ஒப்பிடுவது?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் மக்கள் பட்டறிந்து சொன்ன மொழி. ஏன் ஏறாது என்று கேட்டால், ஊரார் அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறார்கள். ஏழைக்கு யோசனை போதாது. நாளையை எண்ணிப் பார்க்கமாட்டான். இருப்பதை அடகு வைப்பான். வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குவான். அதனால்தான் ஏழையாகவே இருக்கிறான் என்பது அக்காரணம். அறிவுக் குறைவால் வறுமை வந்தது என்று இவ்வாறு முடிவு கட்டுவோர், வறுமையால் அறிவு தடுமாறியிருக்குமோ என்று திருப்பிக் கேட்பதில்லை.

நாம் வாழும் அரியமங்கலம் திருச்சி மாநகரின் கிழக்கே, தஞ்சாவூர்ச் சாலையில் அமைந்த பகுதி. 1967 முதல் மாநகரின் குப்பை ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்பில் இங்குதான் மலைபோலக் குவிக்கப்பட்டு வந்தது. அம்மேட்டை அண்டிப் பிழைத்த குடும்பங்களைப் பற்றியும் அவர்தம் பிள்ளைகளைப் பற்றியும் பேசும்போது, 'இவர்களுக்கு மண்டையில் ஏறாது' என்ற சொல் எவ்வளவு எளிதாக நாவில் வந்து விழுகிறது என்பதை நாம் அறிவோம். சொல்பவர் தீயவர் அல்லர். கண்ணால் கண்டதைத்தானே சொல்கிறோம் என்று அவர் நம்புகிறார்.

கண்டது மெய்யா என்பதை இரக்கத்தால் மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆய்ந்தே காண வேண்டும். மனத்தை ஆய்வதற்கென்றே தோன்றிய உளவியல், கடந்த ஒன்றரை நூற்றாண்டில் எத்தனையோ கருவிகளையும் கணக்குகளையும் கண்டிருக்கிறது. ஆயினும் அவை அனைத்துக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: நாம் யாரோடு யாரை ஒப்பிடுகிறோம்? இக்கேள்விக்குத் தவறான விடை கொடுத்த காலங்களில் அறிவியல் ஏழையின்மேல் பழி சுமத்தியது. சரியான விடையைத் தேடியபோது அப்பழியைத் தானே ஆராய்ந்தது. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

அளவுகோல் பிறந்த கதை

1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். அங்கே ஒலி கேட்டதும் விரல் அசைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது போன்றவற்றைச் சிலரிடமே, பல முறை அளந்தார்கள். 1884ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பொருட்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் வேறொரு வழியைக் கைக்கொண்டார். மூன்று பென்னி கொடுத்து உள்ளே வந்த பொதுமக்களின் உயரம், பார்வை, கேள்விப் புலன், பிடியின் வலிமை ஆகியவற்றை அளந்து குறித்தார். 9000க்கும் மேற்பட்டோர் அளக்கப்பட்டனர். ஒருவரைப் பலமுறை அளப்பது லைப்சிக் வழி. பலரை ஒருமுறை அளந்து ஒருவரோடொருவரை ஒப்பிடுவது இலண்டன் வழி. பின்வந்த வரலாறு பெரிதும் இரண்டாம் வழியிலேயே சென்றது.

இரு அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூடுவதையும் குறைவதையும் எண்ணால் குறிக்கும் முறையை 1888இல் கால்டன் முன்வைத்தார். இதனை நம் பாடநூல்கள் ஒட்டுறவு என்கின்றன. பயனுள்ள கருவி, ஆனால் இடறி விழச் செய்யும் கருவியும் ஆகும். கோடையில் நுங்கு விற்பனை கூடுகிறது. அம்மை நோயும் கூடுகிறது. நுங்கு தின்றதால் அம்மை வந்தது என்று எவரும் சொல்லார். இரண்டுக்கும் பின்னால் வெயில் நிற்கிறது. சிக்கல் என்னவெனில், நுங்கு விஷயத்தில் நமக்கிருக்கும் இத்தெளிவு மனிதரைப் பற்றிப் பேசும்போது இல்லாமற்போகிறது. கால்டனே 1869இல் எழுதிய நூலில், புகழ்பெற்றோரின் உறவினர் பலரும் புகழ்பெற்றிருப்பதைக் கண்டு, மேதைமை இரத்தத்தில் வருவது என்று வாதிட்டார். அதே குடும்பங்களுக்கு நிலமும் பள்ளியும் செல்வாக்கும் வழிவழியாக வந்திருந்தன என்பது அவர் கணக்கில் உரிய இடம் பெறவில்லை.

பாரிசில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்னும் இருவர் 1905ஆம் ஆண்டில் அறிவுத்திறன் சோதனை ஒன்றை உருவாக்கினர். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனி உதவி தரவேண்டும். யாருக்கு அவ்வுதவி தேவை என்பதை அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிள்ளையின் அறிவு மாறாத ஒரு பொருள் என்று பினே கருதவில்லை. 1911இல் அவர் மறைந்த பின்னர், உதவிக்காகப் பிறந்த அளவுகோல் தரம் பிரிக்கும் கோலாயிற்று.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 17 இலட்சம் பேரிடம் அறிவுச் சோதனை நடத்தப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதோர்க்குப் படங்கள் தந்து, விடுபட்டதை வரையச் சொன்னார்கள். ஒரு படம் வலையில்லாத டென்னிஸ் களம். இத்தாலியச் சிற்றூரிலிருந்து கப்பலேறி வந்த உழவன் வாழ்நாளில் டென்னிஸ் களத்தைக் கண்டிருப்பானா? இச்சோதனைகளின் எண்களைக் கொண்டு 1923இல் கார்ல் பிரிகாம் ஒரு நூல் எழுதினார். அந்த எண்களிலேயே ஓர் உண்மை வெளிப்படையாகக் கிடந்தது: அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த குடியேறிகள் உயர்ந்த மதிப்பெண்ணும், அண்மையில் வந்தோர் தாழ்ந்த மதிப்பெண்ணும் பெற்றிருந்தனர். அந்நாட்டு மொழியும் வழக்கமும் பழகப் பழக மதிப்பெண் கூடுகிறது என்பதே இதன் நேரிய பொருள். பிரிகாமோ, அண்மையில் வந்தோர் தாழ்ந்த இனத்தார் என்று பொருள் கொண்டார். தெற்கு, கிழக்கு ஐரோப்பிய ஏழைகளுக்குக் கதவடைக்கும் குடியேற்றச் சட்டம் 1924இல் நிறைவேறிய காலத்தின் காற்று இத்தகையதாக இருந்தது. 1930இல் பிரிகாம் தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று தாமே எழுதி அவற்றைக் கைவிட்டார். கதவோ அடைத்தபடியே கிடந்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்துறை தாமதமின்றியே வந்தது. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தாவின் தலைமையில் சோதனை உளவியல் துறை தொடங்கிற்று. 1924இல் மைசூரில் எம். வி. கோபாலசாமி ஆய்வுக்கூடம் அமைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் இத்துறை தனித்து இயங்கலாயிற்று. இலாகூர் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ் பினேயின் சோதனையை இந்துஸ்தானிக்கு ஏற்றவாறு திருத்தி, 1929இல் நூலாக்கினார். வி. வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு அதனை வகுத்து 1940இல் வெளியிட்டார்.

இவர்கள் மொழித் தடையை விலக்கினார்கள், அது பெரும்பணி. ஆனால் மொழியை மாற்றினால் மட்டும் ஒப்பீடு நேர்மையாகிவிடுமா? நிலமுள்ளவர் பிள்ளையையும் கூலிக்காரர் பிள்ளையையும் ஒரே தாய்மொழியில் சோதித்தாலும், அவ்விருவர்க்கும் இடையே உணவு, உறக்கம், வீட்டில் விளக்கு, தந்தையின் கடன் என நூறு வேறுபாடுகள் நிற்கின்றன. மதிப்பெண் வேறுபாட்டுக்கு இந்நூறில் எது பொறுப்பு என்று எவ்வாறு பிரித்தறிவது?

குடவோலையும் சீட்டுக்கட்டும்

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. தானியேல் நூலின் முதல் அதிகாரத்தை வாசகர்கள் அறிவார்கள். அரச உணவை மறுத்த இளைஞர் நால்வருக்குப் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தரப்பட்டன. பின்னர் அவர்கள் முகத்தோற்றம் அரச உணவு உண்டோரின் தோற்றத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. குறித்த காலம், மாற்றப்பட்ட ஒன்று, மாற்றப்படாத மற்றொரு குழு: ஆய்வு முறையின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. ஆய்வாளர் இன்று அதில் குறை காண்பாரெனில், மரக்கறி உண்போரை யாரும் குலுக்கிப் போட்டு எடுக்கவில்லை. அவர்களே முன்வந்தார்கள் என்பார். முன்வந்தோரின் மனவுறுதி முன்னமே வேறாக இருந்திருக்கலாம் அல்லவா?

குலுக்கிப் போடுவதன் அருமையைத் தமிழர்க்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, வேறுபாடு அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பு இல்லாதபோது எவருக்கும் சாய்வு இல்லை. 1884ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் பர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் மிகச் சிறிய எடை வேறுபாட்டை மனிதரால் உணர முடியுமா என்று சோதித்தபோது, எந்த எடையை எப்போது தருவது என்பதைச் சீட்டுக்கட்டைக் கலைத்து முடிவு செய்தனர். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் 1919இல் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சமவாய்ப்பு முறையில் பங்கிட வேண்டும் என்று வகுத்து, 1925, 1935ஆம் ஆண்டு நூல்களால் உலகறியச் செய்தார். உளவியலின் புள்ளியியல் பெருமளவு வயற்காட்டிலிருந்து வந்தது என்பது பலர் அறியாத செய்தி. அது மீண்டும் ஒரு வயற்காட்டுக்கு, நம் தமிழ்நாட்டு வயற்காட்டுக்கே, திரும்பி வந்தது.

கரும்புக் கொல்லையில்

காவிரிக்கு அக்கரையில் திருவளர்ச்சோலைப் பக்கம் பொங்கலுக்கு வெட்டும் கரும்பை நாம் அறிவோம். ஆலைக்கரும்பின் கதை வேறு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் சிறு உழவருக்கு ஆண்டு முழுவதற்குமான பணம் பெரும்பாலும் வெட்டு முடிந்த பின்னரே வரும். வெட்டுக்கு முந்திய மாதங்களில் கை வறண்டிருக்கும். பிந்திய மாதங்களில் சற்றே மூச்சு விடலாம். அதே மனிதர், அதே வீடு, அதே நிலம், அதே பள்ளிப் படிப்பு. மாறுவது கையிருப்பு மட்டுமே.

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த செந்தில் முல்லைநாதனும், ஆனந்தி மணி, எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோரும் இவ்வியற்கையான மாற்றத்தைக் கருவியாக்கிக் கொண்டனர். 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களை வெட்டுக்கு முன் ஒருமுறையும் வெட்டுக்குப் பின் ஒருமுறையும் சோதித்தனர். ஆய்வு 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஏழையைச் செல்வரோடு அவர்கள் ஒப்பிடவில்லை; ஏழையை அவரோடே ஒப்பிட்டார்கள். லைப்சிக் நகரின் பழைய வழி இங்கே புதுப் பயன் பெற்றது.

சோதனைகள் இரண்டு. ஒன்று, 1938இல் ஜான் ரேவன் வகுத்த படக்கோலங்கள். கோலத்தில் விடுபட்ட துண்டு எது என்று காட்ட வேண்டும். மற்றொன்று, எண்களைக் கொண்ட கவனச் சோதனை. தாளில் 5 5 5 என்று இருந்தால், கண் ஐந்து என்று சொல்லத் துடிக்கும். ஆனால் எத்தனை எண்கள் உள்ளன என்பதே கேள்வி. மூன்று என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் எழுத்தறிவு பெரிதாகத் தேவையில்லை.

வெட்டுக்கு முன் உழவருள் 78 விழுக்காட்டினர் பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 விழுக்காடு. முன்னர் 99 விழுக்காட்டினர்க்குக் கடன் இருந்தது. பின்னர் 13 விழுக்காடு. படக்கோலச் சோதனையில் சரியான விடைகளின் சராசரி முன்னர் 4.35, பின்னர் 5.45. எண் சோதனையை முடிக்க முன்னர் 146 நொடி. பின்னர் 131 நொடி. பிழைகளும் 5.93இலிருந்து 5.16ஆகக் குறைந்தன.

எண்ணைக் கண்டதும் நம்பிவிடக்கூடாது என்பதற்காகவே ஆய்வு முறை இருக்கிறது. இரண்டாம் முறை எழுதுபவர் பழக்கத்தால் நன்றாக எழுதியிருக்கலாமே? அதற்காகவே 100 உழவர்களை முன்னமே சமவாய்ப்பில் ஒதுக்கி, அவர்களை முதன்முறையாக வெட்டுக்குப் பின்னரே சோதித்தனர்; பழக்கம் இவ்வேறுபாட்டை விளக்கவில்லை. பருவம் மாறியதாலோ? எந்த வயலில் எப்போது வெட்டு என்பதை ஆலை முடிவு செய்கிறது. ஒரே மாதத்தில் ஒருவர்க்கு வெட்டு முடிந்திருக்கும், அடுத்தவர்க்கு முடிந்திராது. உடற்பதற்றமோ? நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அளந்து பார்த்தனர். அவற்றைக் கழித்த பின்னும் வேறுபாடு நின்றது. பசியோ? பசி வந்தால் பறந்துபோகும் பத்தில் அறிவுடைமையையும் ஒன்றாக ஔவையார் நல்வழியில் எண்ணிச் சொன்னது நாம் அறிந்ததே. ஆனால் இவ்வுழவர்கள் வெட்டுக்கு முன் குறைவாக உண்டார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் கண்ட முடிவு, கவலையே கவனத்தைத் தின்கிறது என்பது. வட்டி, தவணை, பள்ளிக் கட்டணம் என்று உள்ளே ஓயாது ஓடும் கணக்கு, வெளியே கேட்கப்படும் கணக்குக்கு இடம் விடுவதில்லை.

ஐயம் தீரும் வரை

இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்குமா என்பதற்குப் புள்ளியியல் ஒரு விடை தருகிறது. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய இடைவெளி கண்ணில் படுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அக்கணக்கு கூறிற்று. பலர் இதனை, 'இக்கொள்கை மெய்யாக இருக்க ஆயிரத்தில் 999 பங்கு வாய்ப்பு' என்று பிழையாகப் படிப்பர். தற்செயலை விலக்குவது ஒன்று; மற்ற எல்லா விளக்கங்களையும் விலக்குவது வேறு.

ஆகவே ஐயங்கள் எழுந்தன, எழவும் வேண்டும். இதே கட்டுரையில் அமெரிக்கக் கடைத்தெருவில் நடத்திய சோதனைகளும் இருந்தன. அவற்றில் வருமானத்தை உயர்வு, தாழ்வு என இரண்டே கூறாக்கியதையும் வேறு கணக்கு முறைகளையும் குறை கூறி, அவ்வாண்டு டிசம்பரிலேயே அதே இதழில் மறுப்பு வந்தது. 2016இல் வெளியான ஆய்வொன்று, குறைந்த வருமான அமெரிக்கர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, அறிவுச் சோதனையில் வேறுபாடு காணவில்லை. பற்றாக்குறையின் உளவியல் பற்றிய 20 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த குழுவொன்று 2021இல் முடிவை வெளியிட்டது. பலவற்றில் விளைவு முதலில் சொன்னதைவிடச் சிறிதாகவே இருந்தது. அதே 2021இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், ஒடிசாவில் இலைத்தட்டு செய்யும் தொழிலாளருள் சிலருக்குச் சமவாய்ப்பு முறையில் கூலி முன்னதாகத் தரப்பட்டது. கூலி பெற்றவர்களின் உற்பத்தி கூடிற்று. மிக ஏழ்மையானோரிடம் அது தெளிவாகத் தெரிந்தது.

இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது? ஏழையின்பால் அன்புடையோர்க்குக் கரும்பு உழவர் ஆய்வு இனிக்கிறது. இனிப்பதால் மட்டும் அது மெய்யாகாது. பிரிகாமின் எண்கள் அவர் காலத்து மேட்டிமைக்கு இனித்தன. அவரை வீழ்த்தியது அந்த இனிப்பே. நமக்குப் பிடித்த முடிவையும் அதே உரைகல்லில் உரசிப் பார்க்க நாம் உடன்படாவிட்டால், அவருக்கும் நமக்கும் வேறுபாடில்லை. இன்றைய நிலையில் நேர்மையாகச் சொல்லக்கூடியது இது: பணக்கவலை சில சூழல்களில் மனிதரின் கவனத்தைக் குறைக்கிறது, எவ்வளவு, எங்கெல்லாம், யாருக்கு என்பது இன்னும் ஆயப்படுகிறது. ஆனால் ஏழையின் தடுமாற்றம் அவருடைய பிறவிக் குணம் என்று சொல்வோர், அவரை அவரோடே ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதைச் சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் இந்த ஆய்வு நம்மைக் கொண்டுவந்து விட்டுவிட்டது.

நாம் செய்யத்தக்கவை

பங்குகளிலும் பள்ளிகளிலும் நாள்தோறும் மனிதரை எடைபோடும் நிலையில் இருப்பவர்கள் நாம். கூலி வருவதற்கு முந்திய நாள் மனு எழுத வரும் தாயையும் கூலி வந்த மறுநாள் வரும் தாயையும் எண்ணிப் பார்ப்போம். முதல் நாள் அவர் படிவத்தில் பெயரை மாற்றி எழுதுகிறார், சொன்னதை மறக்கிறார், வேண்டிய சான்றிதழை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார். 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்ற முடிவை அன்றே நம் உள்ளத்தில் எழுதி வைத்துவிட்டால், மறுநாள் தெளிவாகப் பேசும் அதே தாயை நாம் காணவே மாட்டோம். ஒரே ஒரு அளவையிலிருந்து சராசரி பிறப்பதில்லை என்பது புள்ளியியலின் தொடக்கப் பாடம். ஒரே நாளைக் கண்டு மனிதரை முடிவு செய்யலாகாது என்பது அதன் மறுபக்கம்.

செய்யத்தக்கவை சிறியவையே. கட்டணத்துக்குக் கடைசி நாள் குறிக்கும்போது, கூலி வரும் நாளுக்கும் அறுவடைக்கும் பின்னதாகக் குறிக்கலாம். உதவி கேட்டு வருவோர் நிரப்ப வேண்டிய தாள்களைக் குறைக்கலாம். நிரப்பத் துணைக்கு ஓர் ஆளை அமர்த்தலாம். பின்தங்கும் பிள்ளையை ஒருநாள் தேர்வால் கீழ்வகுப்பில் நிறுத்தாமல், வெவ்வேறு மாதங்களில் மீண்டும் சோதிக்கலாம். வகுப்பின் முதல் மாணவனோடு அன்றி, அப்பிள்ளையின் சென்ற மாத நிலையோடு அதனை ஒப்பிடலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்கச் செல்லும்போது, 'எவ்வளவு கடன்?' என்பதோடு 'எந்தத் தேதியில் தவணை?' என்றும் கேட்டறியலாம். உதவி அத்தேதிக்கு முன்னர்ச் சென்று சேரட்டும்.

இவற்றைச் செய்வதற்கு ஆய்வுகள் அனைத்தும் முடிந்து தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. செய்த பின், பயன் விளைந்ததா என்று ஆண்டின் முன்னும் பின்னும் குறித்து வைத்துப் பார்ப்போம். விளையாதவற்றைக் கைவிட்டு வேறு வழி காண்போம்.